எது புதுசு?

அந்தப் பெண் படியேறி வந்தபோது புகைப்படக் கடையில் கூட்டம் இல்லை. இருந்திருந்தாலும் மாப்பிள்ளை போட்டது போட்டபடி அவள் பின்னாலேயே மாடிக்கு ஓடியிருப்பார். கீழே கடை அவருடையது. மாடி அறை அவர் மனைவியின் அண்ணனுடையது. காவல் துறையிலிருந்து ஓய்வு பெற்றுத் துப்பறியும் தொழில் நடத்திவந்த அந்த மச்சான் எதற்கும் பதற மாட்டார். அதனால் ‘நிதானம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதறுகிற வேலை முழுவதையும் மாப்பிள்ளை தாமே எடுத்துக்கொண்டிருந்தார்.

வந்தவள் கணினியில் நிரல் எழுதுகிறவள். வெள்ளைக் கோலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்தில் ஒரு ஹெட்போன் தொங்கியது. அது எப்போதும் கூடவே இருக்குமா என்று நிதானம் கேட்டார். வீட்டுக்குப் போகும்போதும் கழற்றுவதில்லை, இப்போது அதுதான் தன் கண் என்றாள்.

போன வருடம் ஒரு காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. வேலை போகவில்லை. அதற்குக் காரணம் பக்கத்து மேசைக்காரன். நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம் என்பதால் அவனை எல்லோரும் ‘நெட்டை’ என்பார்கள். நிரல் எழுதப் பயன்படுத்துகிற மென்பொருளில் நமக்கு வேண்டிய துணைக் கருவிகளைச் செருகிக்கொள்ளலாம்; அவற்றை ப்ளக்-இன் என்கிறார்கள். திரையில் இருக்கும் நிரலை வாசித்துக் காட்டுகிற ப்ளக்-இன் ஒன்றை நெட்டை அவளுக்காகவே செய்து கொடுத்தான். ஒரே ஒரு குறை. அடைப்புக்குறி வந்தால் ‘அடைப்பு’ என்று மட்டும் சொல்லும். திறக்கிற அடைப்பா, மூடுகிற அடைப்பா என்று அவள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதனால் வேலை இழுத்தடித்தது. மேலாளர் ஒரு சோதனை வைத்தார். தவறான நிரல் ஒன்றைக் கொடுப்பார். அவர் கண் முன்னால் தவறைக் கண்டுபிடித்தால் அவள் நாற்காலி அவளுக்கே. இல்லையென்றால் வரவேற்பறைக்குத் தொலைபேசி எடுக்கப் போக வேண்டும். நெட்டை விழுந்து விழுந்து புது ப்ளக்-இன் செய்தான். அது ‘திற’, ‘மூடு’ என்று பிரித்துச் சொன்னது. அவன் மேசைக் கணினியில் அவளே காது குளிரக் கேட்டாள்.

“நேத்து காலைல வந்ததுமே சோதனை சார். என் கணினியில ஸ்பீக்கர் மாட்டி எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. ‘அடைப்பு, அடைப்பு’ன்னு பழையபடியே சொல்லுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.” அவள் கோலை இறுக்கிப் பிடித்தாள். “முந்தின நாள் சாயங்காலமே புதுசைப் போட்டுட்டேன்னு சத்தியம் பண்றான். நீ போடவே இல்ல, இனிமே என் மேசைப் பக்கம் வராதன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். வேலை போறது ஒரு பக்கம் சார். அவன் என்னை ஏமாத்தினானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

நாளைக்கு அவள் வரவேற்பறையில் உட்கார வேண்டும். நிதானம் சட்டையை மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை அதற்குள் தெருவுக்கே போய்விட்டிருந்தார்.

அலுவலகத்தில் மேலாளர் தடுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் பாருங்கள் என்று விட்டுவிட்டார். நெட்டை கண் சிவந்து, மேசையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னான். புதியதை அவள் கணினியில் நிறுவினான். மென்பொருளை மூடித் திறந்தான். எந்தக் கோளாறும் காட்டவில்லை. அவள் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தாள். பழையதை என்ன செய்தான் என்று நிதானம் கேட்டார். ஒருவேளை புதியது மக்கர் செய்தால் கைகொடுக்கட்டுமே என்று அதையும் அங்கேயே விட்டுவைத்ததாகச் சொன்னான்.

மாப்பிள்ளைக்கு அவன் மேல் சந்தேகம் வரவில்லை. அவர் சந்தேகம் முழுவதும் கணினிப் பொறுப்பாளர் மேல் விழுந்தது. எதைக் கேட்டாலும் கூடாது என்பதால் அந்த ஆளுக்குப் ‘பூட்டு’ என்று பெயர். கண்டவன் மடிக்கணினியில் செய்த ப்ளக்-இன் இனி அலுவலகத்துக்குள் நுழையக் கூடாது, தன் கிடங்கறையில் இருக்கும் தனிக் கணினியில்தான் அதைக் கட்டமைத்து உருவாக்க வேண்டும் என்று சமீபத்தில் சட்டம் போட்டவர் அவர். பழைய ப்ளக்-இன் நெட்டையின் மடிக்கணினியில் உருவானது. புதியது இந்தச் சட்டத்துக்குப் பிறகு கிடங்கறையில் உருவானது. அதோடு, சோதனைக்கு முந்தின மாலை நெட்டை போன பிறகு பூட்டு அவள் மேசைக்கடியில் குனிந்துகொண்டிருந்ததைப் பெருக்க வந்தவர் பார்த்திருக்கிறார்.

“கையும் களவுமா மாட்டிட்டான் மச்சான்” என்றார் மாப்பிள்ளை. நிதானம் கிடங்கறையைப் பார்க்கலாம் என்றார்.

பழைய நாற்காலிகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே அந்தக் கணினி இருந்தது. வெளி உலகத்தோடு ஒரு கம்பியும் அதற்குக் கிடையாது. வேலை முடிந்ததும் மின்சாரத்தையும் பிடுங்கிவிடுவாராம் பூட்டு. அவர் அதைப் பெருமையாகச் சொல்லி, இணைப்பு கொடுத்துத் திறந்து காட்டினார். திரையின் மூலையைப் பார்த்த மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்தப் பெட்டி கணக்குப்படி எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல மச்சான். உங்க தங்கச்சி யாருன்னே எனக்குத் தெரியாது.”

நிதானம் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் தோளில் கை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று மாப்பிள்ளைக்குப் புரிந்தது. என்ன காரியம் என்றுதான் தெரியவில்லை.

சற்று நேரத்தில் எல்லோரும் அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். அவள் மட்டும் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிதானம் முதலில் பூட்டைப் பார்த்து, மேசைக்கடியில் என்ன வேலை என்று கேட்டார். அந்த மனிதர் நெளிந்தார். கீழே கிடந்த கம்பிகளில் அவள் கால் இரண்டு தரம் தட்டியதைப் பார்த்தாராம். எல்லாவற்றையும் சேர்த்து மேசைக் காலோடு கட்டிவைத்தாராம். மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். கம்பிகள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்து நெட்டையின் முறை. இரண்டு ப்ளக்-இன்னும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மென்பொருள் எதை எடுத்துக்கொள்ளும் என்று நிதானம் கேட்டார்.

“புதுசைத்தான் சார்.”

“எது புதுசுன்னு அதுக்கு யார் சொல்றது?”

“பேருக்குப் பின்னால தேதி இருக்கும் சார். கட்டமைக்கிற கணினியே…” நெட்டை பாதியில் நிறுத்தினான். கை வாய்க்குப் போனது.

“தன் கடிகாரத்தைப் பார்த்துக் குத்திடும். இல்லையா?” என்றார் நிதானம். “அந்தக் கிடங்கறைக் கணினிக்கு உள்ளே பேட்டரி செத்துப் போச்சு. மின்சாரத்தைப் பிடுங்கின ஒவ்வொரு தரமும் தேதி பின்னால ஓடிடுது. உங்க புதுசு, என் மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாடி பிறந்ததா முத்திரை வாங்கிட்டு வந்திருக்கு. மென்பொருள் ரெண்டையும் பார்த்தது. முத்திரையில பிந்தினதை, அதாவது பழசை எடுத்துக்கிச்சு. யாரும் எதையும் அழிக்கல. ரெண்டும் இங்கதான் இருக்கு. உங்க மேசைக் கணினியில புதுசு மட்டும் இருந்ததால அங்க அது சரியாப் பேசிச்சு.”

தன் கடையில் கழுவ வருகிற படங்களிலும் இதே கூத்துதான், பேட்டரி போன கேமராவில் எடுத்தால் பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே பிறந்தநாள் கொண்டாடியிருக்கும் என்று மாப்பிள்ளை இடையில் புகுந்து சொன்னார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

போட்டவுடன் ஒரு தரம் காதால் கேட்டிருக்கலாமே என்று மேலாளர் முகம் சுளித்தார். எதில் கேட்பான் என்றார் நிதானம். இந்தக் கணினிக்கு ஸ்பீக்கர் கிடையாது. நேற்றுச் சோதனைக்குத்தான் மாட்டினார்கள். ஹெட்போன் அவள் கழுத்தோடு வீட்டுக்குப் போயிருந்தது. பழையதை எடுத்தெறிந்திருந்தால் இந்த வினையே இல்லை. அவளுக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று விட்டுவைத்ததுதான் வம்பாகிவிட்டது.

பூட்டு கிடங்கறைக்குப் போய்த் தேதியைச் சரிசெய்தார். நெட்டை அங்கேயே மறுபடி கட்டமைத்துக் கொண்டுவந்தான். இந்த முறை பழையதை நீக்கிவிட்டு நிறுவினான். மேலாளர் தாமாகவே வேறொரு நிரலைத் திறந்து வைத்தார். ஸ்பீக்கர் பேசத் தொடங்கியது. திற. திற. மூடு. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். விரல்கள் பழைய வேகத்தில் கீழே இறங்கின, நின்றன, ஒரு வரி மேலே போயின.

“இங்க ஒரு மூடு விட்டுப் போயிருக்கு” என்றாள்.

மேலாளர் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். வரவேற்பறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவள் எழுந்து நின்று கையை நீட்டினாள். நெட்டை பிடித்துக்கொண்டான். நேற்றுப் பேசியதை எல்லோர் முன்னாலும் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். சொல்லும்போதே கண் நிறைந்தது. “எனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்க. நான் உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. நன்றின்னு சொன்னா அது ரொம்பச் சின்ன வார்த்தைடா. வேற வார்த்தை எனக்குத் தெரியல.”

“சும்மா ஒண்ணும் செய்யல” என்றான் நெட்டை. அவனுக்கும் கண் நிறைந்திருந்தது. “நீ போயிட்டா என் தப்பையெல்லாம் யார் கண்டுபிடிக்கறது?”

பிறகு அவள் பூட்டு இருந்த பக்கம் திரும்பிக் கம்பிகளுக்கு நன்றி சொன்னாள். நிதானத்துக்குக் கைகூப்பினாள். மாப்பிள்ளைக்கும் தனியாகச் சொன்னாள்; அவர் அந்தத் தேதியைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்திருந்தால் தன் கதி என்ன ஆகியிருக்கும் என்றாள். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. அந்த வெற்றியைப் பற்றி விரிவாக நாலு வார்த்தை பேசலாம் என்று அவர் ஒரு நாற்காலியை இழுத்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனைக் காதில் மாட்டினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் கொஞ்சம் நகருங்க” என்றாள். “எனக்கு வேலை இருக்கு.”