ஓட்டிப் பாருங்க மேடம்!

டெலிபோன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் சம்பூர்ணம் எடுக்கவில்லை.

மறுபடி அலறியது...

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். க்ரைம் கதை என்றால் முதல் பக்கத்தில் ஒரு பிணம் கிடக்க வேண்டும். அடியேனும் தேடிப் பார்த்தேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்த அந்த ஸ்டேஷன் எல்லைக்குள் அந்த வருடம் செத்தது ஜீப்பின் பேட்டரி ஒன்றுதான். அதுவும் இயற்கை மரணம். ஆகவே போனை வைத்து ஒப்பேற்றுகிறேன்.

மூன்றாவது அலறலில் சம்பூர்ணம் எடுத்தாள். எதிர்முனையில் டி.எஸ்.பி.

"தப்பிச்சுட்டானா?"

"ஆமா சார்."

"இது எத்தனாவது தடவை?"

"மூணாவது... சார்."

டி.எஸ்.பி. கத்தவில்லை. கத்தியிருந்தால் சம்பூர்ணத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நிதானமாக அடுக்கினார். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து சந்தனக் கட்டையை ஏற்றிக்கொண்டு ஒரு சாம்பல் நிறக் கார் இறங்குகிறது. பட்டப்பகலில்! பின்னாலேயே போலீஸ் ஜீப் துரத்துகிறது. பாதி மலையில் கார் காணாமல் போகிறது. ஒரு தடவை என்றால் கெட்ட நேரம். மூன்று தடவை என்றால் ஸ்டேஷனுக்குள்ளேயே ஒருத்தன் அவனுக்குத் துப்புக் கொடுக்கிறான்.

"ஜீப் ஓட்டுறது உங்க ஏட்டு ஆதிநாராயணன்தானே? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தக் கார் என் கைக்கு வரணும். இல்லைன்னா சனிக்கிழமை உங்க ஏட்டுக்கு சஸ்பென்ஷன்."

லைன் அறுந்தது.

வாசலில் ஆதிநாராயணன் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆக வேண்டிய மனிதர். இப்போது சஸ்பென்ஷன் என்றால் பென்ஷன் நிற்கும். அதைவிட, ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"நான் அப்படிப்பட்டவன்னு நீங்க நெனைக்கிறீங்களாம்மா?"

"இல்ல ஏட்டய்யா."

அவள் உண்மையைத்தான் சொன்னாள். துரோகம் செய்யவும் கொஞ்சம் திறமை வேண்டும். அந்த அளவு திறமை இந்த ஸ்டேஷனில், தன்னையும் சேர்த்து, யாருக்கும் இல்லை என்பதில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது.

நடந்தது இதுதான். மலைப் பாதையில் ஓட்டுபவர்களுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். கொண்டை ஊசி வளைவில் எதிரே வருவது தெரியாது, மரம் மறைக்கும். மேலே எந்த வண்டி, கீழே எந்த வண்டி, இரண்டாவது கியரா மூன்றாவதா, எல்லாம் சத்தத்தை வைத்துத்தான். ஆதிநாராயணன் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். மூன்று தடவையும் கார் கண்ணை விட்டு மறைந்ததும் ஜீப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

கீழே சத்தமே இல்லை.

சத்தம் இல்லையென்றால் கார் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால் காட்டுக்குள் பதுங்கிவிட்டது. ஆகவே போலீஸ் படை இறங்கிப் புதர் புதராகத் தேடியது. முதல் தடவை ஒற்றைச் செருப்பு கிடைத்தது. இரண்டாவது தடவை ஒரு முள்ளம்பன்றி கிடைத்தது. மூன்றாவது தடவை அந்த முள்ளம்பன்றி இவர்களைப் பார்த்ததும் சலித்துக்கொண்டு நகர்ந்தது.

"இந்த ஜீப்ப வெச்சி ஆமையைக்கூட அரெஸ்ட் பண்ண முடியாது ஏட்டய்யா. நானே ஒரு கார் வாங்கறேன்" என்றாள் சம்பூர்ணம்.

"சொந்தக் காசுலயா?"

"சொந்தக் காசுலதான். பழைய கார்தான். வேகமாப் போவணும். நடுவழியில நிக்கக் கூடாது. என் சீட்டுப் பணத்துக்குள்ள அடங்கணும்."

ஆதிநாராயணன் அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டார். "என் பொண்ணுக்கு மாப்ள தேடறப்பவே மூணும் சேர்ந்து அமையலம்மா. காருக்கா அமையப் போவுது?"

அவர் வாய் முகூர்த்தம் பலித்தது.

வேலூரில் பார்த்த முதல் கார் வெளிநாட்டு ரகம். பறந்தது. ஆனால் ஒரு சின்ன சென்சார் போனால்கூட மும்பையிலிருந்து வர வேண்டும் என்று பக்கத்துக் கடை மெக்கானிக் காதோடு சொன்னார். வரும்வரை திருடனைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

திருப்பத்தூரில் பார்த்த இரண்டாவது கார் தங்கமான குணம். எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் தூக்கத்தில் பிரித்து மாட்டுவான். ஆனால் சின்ன மேட்டில் ஏறும்போதே பின்னால் வந்த மாட்டு வண்டி வழி கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை, போனில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

டர்போ பெட்ரோல். ஆட்டோமேட்டிக் கியர். கருநீலம். ஒரே ஓனர். அவசர விற்பனை!

விற்பவன் பெயர் அர்ச்சுனன். அமிர்திப் பக்கத்து ஆள். மலை அடிவாரத்துக்கே வண்டியைக் கொண்டுவருகிறேன் என்றான். சம்பூர்ணம் சேலை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட டீச்சர் என்று சொல்லிக்கொண்டு போனாள். போலீஸ் என்று சொன்னால் எவனும் காரைக் காட்ட மாட்டான். காசு கொடுத்து வாங்கும் பழக்கம் நமக்கு இருக்கும் என்று யாரும் நம்புவதில்லை என்ற வருத்தம் அவளுக்கு உண்டு. ஏட்டய்யாவின் மீசையைத்தான் ஒளிக்க முடியவில்லை. மாமனார் என்று சமாளித்தாள்.

அர்ச்சுனன் ஒல்லியாக, மரியாதையாக இருந்தான்.

"ஏத்தத்துல ஓட்டிப் பாருங்க மேடம். ஒரு வண்டியோட லட்சணம் ஏத்தத்துலதான் தெரியும். எறக்கத்துல எந்த வண்டியும் ஓடும்."

சம்பூர்ணம் ஓட்டினாள்.

அம்மாடி!

மிதித்தால் மிதித்த இடத்தில் பாய்ந்தது. முதுகு சீட்டோடு ஒட்டியது. வளைவுகளில் பசை போட்ட மாதிரி தரையைப் பிடித்தது. எதிரே வந்த புளி மூட்டை லாரிக்கு ஒதுங்கி, மறு நொடியே பழைய வேகத்தைப் பிடித்தாள். ஜீப்பில் போனால் ஒரு தூக்கம் போடலாம் என்னும் தூரம், பேச்சு முடிவதற்குள் முடிந்துவிட்டது. புதூர்நாட்டில் இறங்கியபோது அவள் அந்தக் காரைக் காதலித்துக் கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தபோதுகூட இவ்வளவு படபடப்பு வரவில்லை.

"இதுல போனா அவன் எங்க ஓடுவான்?" என்று ஆதிநாராயணன் காதில் கிசுகிசுத்தாள்.

அர்ச்சுனன் குறுக்கே வந்தான். இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும் என்றான். நீங்கள் இரண்டு பேரும் ஷேர் ஜீப்பில் இறங்கிவிடுங்கள், சாயங்காலம் வண்டியை நானே வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்றான்.

சம்பூர்ணத்துக்கு எங்கோ லேசாக இடித்தது. காரை விற்க வந்தவன் எதற்கு ஜீப்பில் போகச் சொல்கிறான்?

பழைய கார் வாங்குவது எப்படி என்று ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்திருந்தாள். அதில் ஒருத்தர் தலைதலையாக அடித்துக்கொண்டிருந்தார். டிக்கித் தரையில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கிப் பார், ஸ்டெப்னிக்கு அடியில் துரு இருக்கிறதா பார். கதவோரத்து ரப்பரை இழுத்துப் பார், உள்ளே வேறு பெயின்ட் தெரிகிறதா பார்.

மேட்டைத் தூக்கினாள்.

துரு இல்லை.

சந்தனச் சீவல் இருந்தது!

வாசனை குப்பென்று வந்தது. கதவோரத்து ரப்பரை இழுத்தாள். கருநீலத்துக்குக் கீழே... சாம்பல் நிறம்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒரு கணம், ஒரே கணம், அந்த மேட்டைத் திரும்ப மூடிவிடலாமா என்று சம்பூர்ணம் நினைத்தாள். வண்டி அவ்வளவு நன்றாக இருந்தது. விலையும் தோதாக இருந்தது. அப்புறம் ஏட்டய்யாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இது இன்னாப்பா?"

"சாமிக்கு அரைக்கிற சந்தனம் மேடம்."

"எந்த சாமி ஸ்டெப்னிக்கு அடியில குடியிருக்குது?"

அர்ச்சுனன் ஓட ஒரு அடி எடுத்தான். இரண்டாவது அடிக்கு முன்னால் ஆதிநாராயணனின் கை அவன் சட்டைக் காலரில் இருந்தது. அவருடைய சாப்பாட்டுப் பையிலிருந்து டிபன் பாக்ஸ் வந்தது. அதற்கு அடியிலிருந்து விலங்கு வந்தது.

"டீச்சருனு சொன்னீங்களே..." என்றான் அர்ச்சுனன் பரிதாபமாக.

"ஆமா. நீ இனிமே ஒழுங்கா ஒரு எடத்துல ஒக்காரணும்."

ஆதிநாராயணன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது. வெள்ளிக்கிழமை. கார் சிக்கியது. ஆளும் சிக்கினான். சம்பூர்ணம் டிரைவர் சீட்டில் ஏறினாள். பின் சீட்டில் ஏட்டும் கைதியும்.

"மேடம், சொன்னா கேளுங்க. ஷேர் ஜீப்ல போய்டலாம்."

"ஏன்? வழியில குதிச்சி ஓடவா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மேடம்."

"வாய மூடு."

கார் இறங்கியது. முதல் வளைவு, சொகுசு. இரண்டாவது வளைவு, அதைவிட சொகுசு. மூன்றாவது வளைவுக்குப் பிறகு சரிவு கூடியது. அந்த இடத்தில்...

இன்ஜின் அணைந்தது.

டாஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது. ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்தது. சம்பூர்ணம் பிரேக்கை மிதித்தாள். மறுபடி மிதித்தாள். மூன்றாம் தடவை பெடல் இறங்கவே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அது சும்மா பேருக்குப் பிடித்தது. சாவியைத் திருகினாள். ஒன்றும் நடக்கவில்லை.

கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வேகமாக. இன்னும் வேகமாக!

சத்தமே இல்லை. ஜன்னலில் காற்று மட்டும்தான்.

ஆதிநாராயணன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். சம்பூர்ணம் தன் குழந்தைகளை நினைத்தாள். பின் சீட்டிலிருந்து அர்ச்சுனனின் குரல் வந்தது. பதற்றமே இல்லாத குரல்.

"வுட்டு வுட்டு மிதிக்காதீங்க மேடம். ரெண்டு காலையும் வெச்சி ஒரே மிதியா மிதிச்சி அப்டியே புடிங்க. தோ, எடது வளைவு வருது. ரெண்டு கையால இழுங்க... இன்னும்... அப்டித்தான். அடுத்தது வலது. மண்ணுல வுடுங்க, வேகம் கொறையும். ஹேண்ட் பிரேக்க வுட்றாதீங்க."

இழுத்தாள். புழுதி பறந்தது. ஒரு பக்கம் பாறை உரசியது; மறு பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம். அடுத்த வளைவு. அதற்கடுத்த வளைவு. ஒவ்வொன்றையும் அவன் முன்கூட்டியே சொன்னான். கடைசியில் மலை முடிந்தது. சாலையோரத்துக் கேழ்வரகுக் கொல்லைக்குள் புகுந்து, பாதிக் கொல்லையை அறுவடை செய்துவிட்டு, கார் நின்றது.

முதலில் வாய் திறந்தவர் ஆதிநாராயணன்தான். "ஏன்டா... உனக்கு எப்டிடா ஒவ்வொரு வளைவும் இவ்ளோ மனப்பாடம்?"

அர்ச்சுனன் விலங்கு மாட்டிய கையால் முகத்தைத் துடைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மூணு தபாவும் இப்டித்தானே எறங்கனேன்! மேல ஏறனா வண்டி சூடாயிடும். எறங்கறப்ப அணைஞ்சிடும். ஆட்டோமேட்டிக்கு, கியர்லகூட புடிக்காது. நீங்கல்லாம் நான் தப்பிச்சேன்னு நெனச்சீங்க. நான் எங்கய்யா தப்பிச்சேன்? என்னால நிறுத்த முடியல!"

சம்பூர்ணம் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"போன தபா, வர்றது போலீசுனு தெரிஞ்சும் ஜன்னல் வழியா கைய ஆட்டனேன். காப்பாத்துங்கன்னு."

"நீ டாட்டா காட்டுறேன்னு நெனச்சோம்" என்றார் ஆதிநாராயணன் பலவீனமாக.

"நானும் உங்கள மாதிரிதான் மேடம். வேகமாப் போவணும், நடுவழியில நிக்கக் கூடாது, காசுக்குள்ள அடங்கணும்னு பார்த்துப் பார்த்து வாங்கனேன். காசுக்குள்ள அடங்குச்சி, அவ்ளோதான். இத்த நம்பி தொழில் பண்ண முடியல. அதான் விக்க வந்தேன்."

சம்பூர்ணத்துக்கு எல்லாம் விளங்கியது. இன்ஜின் செத்த கார் சத்தமில்லாமல் உருண்டுபோயிருக்கிறது. சத்தம் இல்லையே என்று இவர்கள் இன்ஜின் உயிரோடு இருந்த ஜீப்பை நிறுத்திவிட்டு முள்ளம்பன்றியைத் தேடியிருக்கிறார்கள்.

போன் அடித்தது. டி.எஸ்.பி.

விஷயத்தைக் கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. சபாஷ் என்றார். உங்கள் ஏட்டு மேல் சந்தேகப்பட்டதற்கு வருத்தம் என்றார். ஆனால் ஒன்று. மூன்று தடவை அவன் எப்படித் தப்பித்தான் என்று விளக்கமாக ஒரு ரிப்போர்ட் வேண்டும். மாவட்டத்தில் எல்லா ஸ்டேஷனுக்கும் அதை அனுப்பி, எல்லோரையும் படிக்கச் சொல்லப் போகிறேன். ஏட்டின் பெயரில் இருக்கும் கறை அப்போதுதான் முழுசாகப் போகும்.

சம்பூர்ணம் கேழ்வரகுக் கொல்லையின் நடுவே, காரின் பானெட் மேல் பேப்பரை வைத்து எழுத ஆரம்பித்தாள். ஆதிநாராயணன் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'இன்ஜின் ஓடாத நிலையில் இருந்த மேற்படி காரை, மூன்று முறையும், இன்ஜின் நல்ல நிலையில் இருந்த காவல்துறை ஜீப்பினால்...'

அந்த இடத்தில் அவர் மெதுவாகக் கையை நீட்டிப் பேனாவைப் பிடித்தார்.

"அம்மா... பேசாம நான்தான் துப்புக் குடுத்தேன்னு எழுதிடுங்க. பென்ஷன் போனாப் போவுது, மானமாவது மிஞ்சும்!"