படிக்கட்டுக்கு அடியில் ஆறு பத்து

"அதுல கை வெச்சே, கையை ஒடிச்சுடுவேன்!" என்று அண்ணி கத்தியது மூன்று வீடு தாண்டிக் கேட்டது.

"அது மெஷின் அண்ணி, மனுஷன் இல்ல!" என்று சின்னவன் பதிலுக்குக் கத்தியது நான்காவது வீட்டுக்கும் போனது. மழைக்கு மூட்டம் போட்ட பிற்பகலில் தெருவுக்கு வேறென்ன வேலை? எல்லா ஜன்னலும் திறந்துதான் இருந்தன.

அண்ணன் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்து பதினாலு மாதம். அவர் விட்டுப் போனவை இரண்டு: வாசல் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை, படிக்கட்டுக்கு அடியில் ஒரு பழைய சர்வர் கம்ப்யூட்டர். ஊர்க்காரர்கள் கண்ணின் பவர் கணக்கெல்லாம் அதற்குள்தான் கிடந்தது. தினமும் மாலை ஆறு பத்துக்கு அதிலிருந்து அண்ணியின் போனுக்கு ஒரு செய்தி வரும்: 'கடையைப் பூட்டிட்டியா?' அண்ணி 'பூட்டிட்டேன்' என்று பதில் போடுவாள். போட்டுவிட்டு ஒரு மூச்சு அழுவாள்.

"அண்ணன் எழுதி வெச்ச சின்ன புரோகிராம் அது. நேரம் வந்தா தானா அனுப்பும்."

"தெரியும் கொழுந்தனாரே. நான் கண்ணாடி விக்கிறவ, குருடி இல்ல. தெரிஞ்சா வலிக்காதா?"

கடைசியில் அண்ணிதான் இறங்கிவந்தாள். கடைக்கு ஒரு வலைத்தளம் இல்லாவிட்டால் எதிர்க்கடைக்காரன் ஏப்பம் விட்டுவிடுவான். "என்னவோ பண்ணு. ஆறு பத்துக்கு மட்டும் வந்துடணும்."

சின்னவன் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்தான். சூடான தூசி வாசனை, அதற்கடியில் மெல்ல, அண்ணன் நெஞ்சில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் வாசனை. சர்வரின் விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சின்னத் தடுக்கல், கடைசி மாதங்களில் பக்கத்து அறையிலிருந்து அண்ணன் மூச்சில் கேட்டுக்கொண்டே இருந்த அதே தடுக்கல். மெஷின் தலையில் அண்ணன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'பழைய பைத்தானைத் தொடாதே. புதுசைப் பக்கத்தில் தனியாக வை. இது உயிரோடு இருப்பதே பழசில்தான்.'

சின்னவன் வலைத்தளம் கட்டுவது ஜாங்கோ என்ற கருவியில். ஜாங்கோவுக்குப் பைத்தான் என்ற புரோகிராம் மொழியின் புதுப் பதிப்பு வேண்டும். மெஷினை ஓட்டும் இந்த லினக்ஸோ அண்ணன் கல்யாணத்துக்கு முந்தியது.

வேலையைத் தொடங்குமுன், மெஷினுக்குள் யார் யார் லாகினில் இருக்கிறார்கள் என்று வழக்கம்போலக் கேட்டுப் பார்த்தான். இரண்டு பேர். ஒன்று அவன். இன்னொன்று அண்ணன், பதினாலு மாதமாக வெளியேறவே இல்லை. அதில் அதிசயமில்லை, மூடாமல் போயிருப்பார். ஆனால் கடைசியாக விசை தட்டி எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும் இடத்தில் நான்கு விநாடி என்றிருந்தது.

மறுபடி கேட்டான். இரண்டு விநாடி.

நேரம் குறித்து ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்தான். ஆறு பத்துக்கு ஒன்றுமே இல்லை. அண்ணன் புரோகிராம் எதுவும் எழுதி வைக்கவில்லை.

புத்தியுள்ளவன் அங்கேயே எழுந்து வந்திருப்பான். சின்னவனுக்கு வேலையை முடித்து ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. பயந்தவன் அவசரப்படுவது புதிதா? புதுசைத் தனியாக வைத்து, பாதை காட்டி, சரிபார்த்துக்கொண்டிருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. பழைய பைத்தான் இருந்த இடத்திலேயே புதியதை ஏற்றினான். ஜாங்கோ அமர்ந்தது. அதன் வரவேற்புப் பக்கம் திரையில் பளிச்சென்று வந்தது.

மெஷின் தன் வேலைக்கு நம்பியிருந்த பழைய கருவிகள் ஒவ்வொன்றாகப் பிழை காட்டின. விசிறி தடுக்கியது. இழுத்தது. தடுக்கியது.

ஆறு ஒன்பது.

வெளியே அண்ணி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆறு பத்து. ஒன்றும் வரவில்லை.

"தம்பி?" என்றாள் அண்ணி. திட்டுகிற குரல் இல்லை. பொருள் தொலைத்த குழந்தையின் குரல். "தம்பி, என்ன பண்ணினே?"

திரையில் எழுத்து நகர்ந்தது. ஒவ்வொன்றாக. அண்ணன் ஒரே விரலால் தட்டுகிற வேகம்.

'டேய் சின்னவனே. திடீர்னு இருட்டாயிடுச்சு.'

அவன் விசையைத் தொடவில்லை.

'மூச்சு முட்டுது. யாரு இருக்கீங்க?'

ஒயரைப் பிடுங்கினான். விசிறி நின்றது. திரை செத்தது. தைல வாசனை மட்டும் போகவில்லை.

அண்ணி தன் போன் எண்ணை மாற்றவில்லை. ஒரு மாதம் தினமும் ஆறு பத்துக்கு 'பூட்டிட்டேன்' என்று அவளாகவே அனுப்பிப் பார்த்தாள். பிறகு கடையை விட்டுவிட்டுத் தங்கை வீட்டோடு போய்விட்டாள். மறுமணம் என்று இரண்டு பேர் கிளப்பிவிட்டார்கள், அதெல்லாம் இல்லை. சின்னவன் அந்த வருஷமே கல்யாணம் பண்ணிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனான். வீட்டில் ஒரு மின்விசிறி மாட்ட விடுவதில்லை என்று பெண்டாட்டி போகிற இடமெல்லாம் புலம்புகிறாள்.

கடைச் சாவியைப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் கொடுக்கப் போன மாலை, கடைசியாக ஒருமுறை படிக்கட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்திருந்தான். ஒயர் சுருட்டியபடி தரையில் கிடந்தது. விசிறி இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. திரையில், ஒற்றை விரலின் வேகத்தில், ஒரே வரி திரும்பத் திரும்ப, மேலிருந்து கீழ்வரை, இன்னும் ஏறிக்கொண்டே:

'பூட்டாதே. உள்ள நான் இருக்கேன்.'