கம்பிப் பக்கத்துக் குரல்

திலக்ஷனின் குரல் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கக் கூடாது.

"லைனை நிறுத்தியாச்சு மச்சான், வெட்டுங்க!"

ஜீவராணி தலையைத் தூக்கினாள். தம்பி திலக்ஷன் கீழே ரோட்டுக்குப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மின்சாரக்காரர்கள் வந்து லைனை நிறுத்தியதும் அவன் அங்கிருந்து கத்த வேண்டும். போனில் சிக்னல் கிடைக்காத, தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில், மின்கம்பிக்குப் பக்கத்து நிழல் மரத்தின் கிளைகளை வெட்டும்போதெல்லாம் அதுதான் வழக்கம். அந்தச் சத்தம் வரும் முன்பே மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வது அவள் புருஷன் வீரய்யாவின் வழக்கம்.

காலை பத்து மணிக்கே பனிமூட்டம் இறங்கி, ஈர மண் வாசனையோடு தேயிலைச் செடிகளை ஒவ்வொரு நிரையாக விழுங்கிக்கொண்டு வந்தது. மரத்தின் மேல் வீரய்யாவின் கால்கள் மட்டுமே தெரிந்தன. அவற்றுக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத கம்பி தேனீக் கூட்டம் போல இரைந்தது.

"ஏங்க, கம்பி இன்னும் இரையுதுங்க."

"காத்துக்கு இரையுது புள்ள. நீ காவலுக்கு நிக்கிறப்போ எமன் கிட்ட வந்துருவானா? ஒன் வாய்க்குப் பயந்தே ஓடிருவான்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"வெட்டுங்க மச்சான்!"

மறுபடியும் அதே குரல். ஆனால் ரோட்டுப் பக்கமிருந்து அல்ல. மேலே, கம்பி போகும் பக்கமிருந்து.

டொக். டொக். கத்தி கிளையில் விழத் தொடங்கியது.

கீழே படிக்கட்டில் யாரோ மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். திலக்ஷன்.

"அக்கா, லைன்காரங்க இன்னும் வரல. மச்சானை எறங்கச் சொல்லு."

"நீ கத்தலையா?"

"நான் வாயே தொறக்கலையே!"

அவள் மரத்தடிக்கு ஓடினாள்.

"வெட்டாதீங்க!" தொண்டை கிழியக் கத்தினாள். "எறங்குங்க!"

கத்தி நின்றது. இலைகளிலிருந்து நீர் சொட்டியது. அவளுக்கு மூச்சு வந்தது.

"என்னா புள்ள சொன்ன?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மேலேயிருந்து, பனிக்குள்ளிருந்து, அவனைச் சோறு தின்னக் கூப்பிடும்போது வருகிற அதே குழைவோடு, அவளுடைய குரல்.

"ஒண்ணுமில்லீங்க. வெட்டுங்க."

திலக்ஷன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அவனும் கத்தப் பார்த்தான். காற்றுதான் வந்தது.

டொக்.

கிளை நறநறத்தது.

மேலே, பனிக்குள், அக்காவின் குரலும் தம்பியின் குரலும் சேர்ந்து சிரித்தன. கிளை மெல்லச் சாய்ந்தது. கம்பிப் பக்கமாக.