எதிர்க்கதவுக்கு ஒரு டம்ளர் பால்

மாடியில் அவர்கள் அறைக்கு எதிர்க்கதவில் பூட்டுத் தொங்கியது. ஆனாலும் உள்ளே யாரோ இருமினார்கள். சாமான்களை மாடியேற்றும்போதே தனக்கொடி அதைக் கேட்டாள். இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பின்புறமும் ஒரு படி இருக்கும், அந்த வழியாகப் போய்வருகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். யாரையாவது விசாரித்திருக்கலாம். அதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கமலாவைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் வீடு தேடித் தேடி அலுத்துப்போயிருந்தாள். குழந்தை சுவரில் கிறுக்கும் என்பார்கள். மில்காரருக்கு வீடு தருவதில்லை என்பார்கள். சிலர் கதவைத் திறக்காமலே சன்னல் வழியாகக் கையை ஆட்டிவிடுவார்கள். கடைசியில் கிடைத்தது கால்வாய்க்கு இந்தப் பக்கம், பழைய வீடொன்றின் மாடியில் ஓர் அறையும் சமையல் மூலையும். வீட்டுக்காரக் குடும்பம் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷமே பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டது. கீழே குடியிருந்த ஆரோக்கியம் என்ற விதவைதான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பால் காய்ச்சினாள். பால் நுரைத்தெழுந்து அடுப்பில் வழிந்ததும் நாலு வயது கமலா கைகொட்டிக் குதித்தாள்.

"பொங்கிடுச்சும்மா!"

"ஆமாண்டி கண்ணு" என்று தனக்கொடி சிரித்தாள். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

புருஷன் ராமலிங்கத்துக்கு, பிள்ளைக்கு, கீழே ஆரோக்கியத்துக்கு என்று ஊற்றியவள், எதிரில் இருப்பவர்களை விட்டால் நன்றாயிருக்காதே என்று ராமலிங்கம் பேர் வெட்டிய டம்ளரிலும் ஊற்றிச் சர்க்கரை போட்டாள். அந்தக் கதவோரம் வைத்து, "புதுசா குடி வந்திருக்கோங்க, எடுத்துக்குங்க" என்று குரல் கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் பார்த்தபோது டம்ளர் அங்கே இல்லை.

டம்ளர் திரும்பி வரவில்லை. கொடுத்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்புவதில்லை, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். ஏதாவது செய்யும்போது வரும் என்று விட்டுவிட்டாள். ஆனால் மத்தியானங்களில், சாப்பிட்டு முடித்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், தெருவில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்காதபோது, அணைத்த மெழுகுவர்த்தி வாசமும் ஈரச் சுண்ணாம்பு வாசமும் எதிர்க்கதவின் இடுக்கிலிருந்து மெல்லக் கசிந்துவரும். அந்த இருமலும் நாளுக்கு நாள் கதவை நெருங்கி வருவதுபோல இருக்கும்.

ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது ஆரோக்கியத்திடம் கேட்டாள்.

"எதிர்ல இருக்கறவங்க எங்க டம்ளர இன்னும் தரலியேக்கா."

ஆரோக்கியம் குடத்தைக் கீழே வைத்தாள்.

"எதிர்ல யாரு இருக்கா? வீட்டுக்கார மதாம் பூட்டி சாவியயும் எடுத்துக்கினு போயிட்டாங்க. பின்னாடி படி இடிஞ்சி வருஷக்கணக்காச்சி."

"உள்ள இருமுறாங்களே."

"நீ என்னாத்துக்குக் காது குடுக்குற?" சிலுவை போட்டுக்கொண்டாள். "டம்ளர்ல என்னா வச்ச?"

"பால் காய்ச்சன அன்னிக்கு, அந்தப் பாலுதான்."

ஆரோக்கியம் மாடியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "புள்ளய இட்டுக்கினு வேற வீடு பாரு தனம்" என்றாள்.

வேற வீடு. தனக்கொடிக்கு அழுகை வந்தது. மறுபடியும் அந்த வெயில், அந்தச் சன்னல்கள், அந்தக் கையாட்டல். பயம் இருந்தது; பயத்தைவிட அலுப்பு பெரிதாக இருந்தது. அவர் மில்லிலிருந்து வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று மாடியேறினாள். கமலாவுக்குச் சோறூட்டி, கதவைத் தாழிட்டு, அவளை அணைத்தபடி பாயில் சாய்ந்தாள். கண்ணை மூடக்கூடாது என்றுதான் நினைத்தாள்.

விழித்தபோது பக்கத்தில் பாய் வெறுமையாக இருந்தது.

கதவு திறந்திருந்தது. தாழ்ப்பாள் கமலாவுக்கு எட்டும் உயரம்தான். நிலைப்படியில் டம்ளர். ராமலிங்கம் பேர் வெட்டிய டம்ளர். எடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. அடியில் கரையாத சர்க்கரை. விளிம்பில் பாலாடை, அதில் சின்ன உதட்டின் தடம்.

குடித்திருக்கிறாள்.

"கமலா!"

படியில் யாருமில்லை. கீழே ஆரோக்கியத்தின் கதவு சாத்தியிருந்தது. எதிர்க்கதவில் அதே பூட்டு. அதே துரு. பூட்டிலிருந்து நிலைக்கு ஓடிய சிலந்தி வலைகூட அறுபடவில்லை.

பூட்டைப் பிடித்து இழுத்தாள். கதவை அறைந்தாள். உள்ளே இருமல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

பால் காயும் வாசம் வந்தது.

கதவின் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ வழிந்து வந்து அவள் கால்விரல்களை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே சின்னக் கைகள் தட்டின.

"பொங்கிடுச்சும்மா!"

தனக்கொடி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருமுறை இருமிவிட்டுச் சொன்னார்கள்.

"ஆமாண்டி கண்ணு."