காலி மனை என்று ஒரு வீடு

செம்மேடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பானுமதியின் ஜெராக்ஸ் கடைக்குள் வேலம்மாள் நுழைந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, எங்க ஊட்டை யாரோ போன்ல விக்கறாங்க! காலையில சேலத்துல இருந்து ரெண்டு பேரு அளக்கற டேப்போட வந்தாங்க. காலி மனையில எதுக்கு ஊடு நிக்குதுன்னு என்னையவே கேக்கறாங்க. திங்கக்கிழமை பேசி முடிக்கறாங்களாம். அந்த ஊட்டை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்லீங்க."

மூலையில் மனு எழுதிக்கொண்டிருந்த அர்த்தநாரி பேனாவை மூடினார். முப்பது வருஷம் சர்வேயராக மலை மலையாக அளந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நிதானத்தைக் கண்டால் பானுமதிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இப்படி ஏதாவது வழக்கு வந்துவிட்டால் அவருக்கு முன்னால் ஸ்கூட்டரை எடுப்பவளும் அவள்தான்.

விளம்பரத்தைப் போனில் அவளே தேடிப் பிடித்தாள். 'காலி மனை, பன்னிரண்டு சென்ட்.' ஒரே ஒரு படம். சாணி மெழுகிய கதிரடிக்கும் களம், ஒரு ஓரம் கூட விடுபடாமல் வட்டமாகத் தெரிந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. வீடு மட்டும் இல்லை.

"புரோக்கர் அவசரத்துல மாத்தி டிக் அடிச்சிருப்பான் சார்," என்றாள் பானுமதி.

"கேட்டுப் பாரேன்."

புரோக்கர் நந்தகுமார் போனில் குழைந்தார். "படமும் பட்டா நகலும் வாட்ஸப்ல வந்துச்சுங்க மேடம். அந்த நம்பர் இப்ப சுவிட்ச் ஆஃப். காலி மனைக்குப் பட்டா போதும். வீடுன்னா வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு எல்லாம் வாங்கிட்டுத்தான் போடுவேன்."

"எல்லாம் எங்க கொழுந்தனாரு தனபால் வேலைதானுங்க," என்றாள் வேலம்மாள். "பட்டா இன்னும் எங்க மாமனார் பேர்லயே கெடக்குது. வேலித் தகராறுல எங்கிட்டப் பேசி ரெண்டு வருசமாச்சு."

பானுமதிக்கு வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அர்த்தநாரியோ, நாளை தனபாலும் நந்தகுமாரும் அந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேலம்மாள் வீட்டுக்கு ஒற்றையடிப் பாதையில் எல்லோரும் ஏறினார்கள். வேலம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்தங்க, நாமக்கல்லில் லாரி பட்டறையில் வேலை பார்க்கும் அவள் மகன் செல்வம், முதல் நாளே சேதி கேட்டு ஓடி வந்தவன், முன்னால் போய்த் தன் சாவியால் கதவைத் திறந்தான். அவர்கள் படியேறும்போது காபி தயாராக இருந்தது. இப்படி ஒரு பிள்ளை இருக்கக் கொழுந்தனுக்கு எவ்வளவு துணிச்சல் என்று பானுமதிக்குக் கோபம் பொங்கியது.

அர்த்தநாரி காகிதங்களைப் பார்த்தார். வரி ரசீதும் கரண்ட் கார்டும் வேலம்மாள் பேரில். பிறகு களத்தைச் சுற்றி நடந்தார். சாமைக் கதிர் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது.

"களத்தை எப்ப மெழுகுனீங்க?"

"வியாழக்கெழமை காலையிலங்க. மெழுகிட்டு ஊட்டைப் பூட்டிட்டு, வாழைத்தாரு விக்க சோளக்காடு சந்தைக்குப் போயிட்டேன். வெள்ளி விடியக் கதிர் போட்டாச்சு."

தனபால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். நந்தகுமார் வியர்த்துக்கொண்டு வந்தார். அர்த்தநாரி பானுமதியின் போனை வாங்கிப் படத்தைக் காட்டினார்.

"கதிர், கிழங்கு, மிளகு என்று இந்தக் களத்தில் எப்போதும் ஏதாவது கிடக்கும். ஈரத்தோடு வெறிச்சென்று இருந்தது வியாழக்கிழமை மட்டும்தான். படம் அன்றைக்கு எடுத்தது. 'வீடு' என்று போட்டால் அம்மா பேரிலுள்ள காகிதங்கள் வேண்டும். 'காலி மனை' என்றால் மாமனார் பேரிலுள்ள பட்டாவே போதும். ஆகவே இது கைதவறி அடித்த டிக் இல்லை."

"நான் வாரிசுதான். அதுக்காக நான் எடுத்தேங்கறீங்களா?" தனபால் சீறினார்.

"வேலியோரம் நின்று எடுத்தால் களம் நீள்வட்டமாகத் தட்டையாகத் தெரியும். இதில் முழு வட்டம். உயரத்திலிருந்து எடுத்தது. இங்கே ஏறி நிற்க மரமில்லை, பாறையில்லை. இருப்பது இந்த வீட்டு மச்சு ஜன்னல் ஒன்றுதான்." அவர் குரல் உயரவே இல்லை. "படத்தில் வீடு இல்லாததற்குக் காரணம், எடுத்தவர் வீட்டுக்குள் இருந்தார். பூட்டிய வீடு. ஒரு சாவி அம்மாவோடு சோளக்காடு போயிருந்தது."

எல்லோரும் செல்வத்தைப் பார்த்தார்கள். பானுமதி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். தான் நம்பியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"உன்னைய நாமக்கல் கூட்டிட்டுப் போலாம்னுதாம்மா..." என்றான் செல்வம். "கேட்டா வரமாட்டே. இடத்தை வித்துட்டா வேற வழியில்லாம வருவேன்னு நெனச்சேன். தனியா இங்க விழுந்து கெடந்தா யாரு பாக்கறது?"

வேலம்மாள் அழவில்லை.

"காலி மனைன்னு போட்டியே சாமி, அதுல நான் எங்க இருந்தேன்?"

நந்தகுமார் அவசரமாக விளம்பரத்தை அழித்துக்கொண்டிருந்தார். வேலம்மாள் கையை நீட்டினாள். செல்வம் சாவியைக் கொடுத்ததும் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தனபாலிடம் போனாள்.

"உங்களத் தப்பா நெனச்சுட்டேன் தம்பி. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."