பழைய கேஸ் எங்கே போனது?

"பழைய கேஸ் ஒண்ணு காணாமப் போயிடுச்சு" என்று வந்தவர் சொன்னதும் கொழுந்தனார் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எந்தக் கோர்ட், எதிர்த்தரப்பு வக்கீல் யார், கட்டு தொலைந்தது குமாஸ்தாவிடமா என்று அடுக்கிக்கொண்டே போனார். வந்தவர் திருதிருவென்று விழித்தார். அவர் ஏசியும் குளிர் அறையும் மாட்டிக் கொடுக்கும் கம்பெனிக்காரர். அவர் சொன்ன கேஸ் சிலிண்டரில் அடைத்து வைக்கும் கேஸ். இது விளங்குவதற்குள் இருவருக்குமே வியர்த்துவிட்டது.

அண்ணி சிரிக்கவில்லை. எரிந்துபோன கடைகளையும் கிடங்குகளையும் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்ததா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். கணவரின் தம்பியான கொழுந்தனார் அண்ணி என்று கூப்பிடப் போய், தெருவே அப்படிக் கூப்பிடப் பழகிவிட்டது. கொழுந்தனாருக்குத் திரைச்சீலைத் துணி வியாபாரம். ஆனால் கடையில் உட்காரும் நேரத்தைவிட அண்ணி வீட்டில் துப்பறியும் நேரம்தான் அதிகம்.

கம்பெனிக்காரர் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். குளிர் மெஷின்களில் இத்தனை காலம் ஓடிய பழைய கேஸ் வெளியே போனால் வானத்தில் ஓசோனைத் தின்றுவிடுகிறது என்று அதைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். புது மெஷின், புது கேஸ் என்று எல்லோரும் மாறியாக வேண்டும். பழைய மெஷினைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டருக்குள் பிடித்து, சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் லைசென்ஸ் போய்விடும்.

"போன வருஷம் சரின்னு சொன்னது இந்த வருஷம் தப்புங்கறாங்க. இந்த வருஷம் சரிங்கறது எவ்வளவு நாளைக்குன்னும் தெரியல. எனக்குத் தலை சுத்துதும்மா" என்றார்.

மருந்துக் கிடங்கு ஒன்றில் பழைய மெஷினைக் கழற்றியிருக்கிறார்கள். அவருடைய மூத்த மெக்கானிக் கேஸைச் சிலிண்டரில் பிடித்திருக்கிறார். அதை வண்டியில் ஏற்றச் சொல்லி இவர் போன் செய்திருக்கிறார். சாயங்காலம் இவருடைய மாப்பிள்ளை வண்டியை ஓட்டிப் போய், சாமான்களைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார். பிறகு சேகரிப்பு மையத்து ஆள் வந்து சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால், அது காலி.

மெக்கானிக் இப்போது வேறொரு வேலையில் இருக்கிறார். போனில் கேட்டதற்கு, "ஃபுல்லா ஏத்திட்டேன் முதலாளி, சொட்டு மிச்சம் இல்ல" என்று அடித்துச் சொல்கிறார். மாப்பிள்ளையோ, வண்டியிலிருந்து எடுக்கும்போதே சிலிண்டர் காலிதான், ஒரு கையால் தூக்கி வைத்தேன் என்கிறார். தடை வந்ததும் கள்ளச் சந்தையில் பழைய கேஸுக்கு ஏகக் கிராக்கி என்பதை கம்பெனிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க. மெக்கானிக் என்கூட ஆரம்பத்துலேர்ந்து இருக்கறவன். சாயங்காலம் ஆபீசர் வர்றாரு. கேஸ் திருடு போச்சுன்னு யார் பேரையாவது சொல்லிப் புகார் கொடுக்கணும். இல்லேன்னா நானே காத்துல விட்டுட்டேன்னு முடிவு பண்ணி லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. மாப்பிள்ளை பேரைச் சொன்னா என் பொண்ணு என் முகத்துலயே முழிக்க மாட்டா. நான் அவரைச் சந்தேகப்படறேன்னு தெரிஞ்சு நேத்தே பெட்டியைக் கட்டிட்டா."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

பட்டறையில் சிலிண்டர் சுவரோரம் மற்ற காலிச் சிலிண்டர்களோடு நின்றது. சிலிண்டரையே மாற்றிவிட்டார்கள் என்றார் கொழுந்தனார். அதில் பெயிண்டால் எழுதிய எண் சரியாகவே இருந்தது. அப்படியானால் ஓட்டை என்று, சோப்புத் தண்ணீர் பூசி, ஒரு குமிழியாவது வராதா என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். சுத்தமாகக் காலியான சிலிண்டரில் குமிழி எப்படி வரும் என்று அங்கே வேலையாக இருந்த மாப்பிள்ளை நிமிராமலே கேட்டார். வால்வு நன்றாக மூடியிருந்தது. அதன் மேல் மாட்டும் மூடியும் இருந்தது.

"கூட்டுச் சதி அண்ணி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணியிருக்காங்க."

"சேர்ந்து பண்ணியிருந்தா ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருப்பாங்க தம்பி" என்றார் அண்ணி.

மாப்பிள்ளையிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சிலிண்டர் கனமில்லாமல் இருந்தபோது சந்தேகம் வரவில்லையா? வரவில்லை என்றார் அவர். வண்டியில் காலிச் சிலிண்டரும் குழாயும் டூல்ஸும் வருவது வழக்கம்தான், அவற்றோடு இதுவும் கிடந்தது. மாமா கேட்டபோது அப்படியே சொன்னதாகவும், மாமா அதற்குப் பிறகு தன்னிடம் எதுவும் கேட்கவில்லை என்றும் சொல்லிவிட்டு, ஸ்பேனரைத் துடைக்கப் போய்விட்டார்.

கொழுந்தனாருக்கு ஒரே குழப்பம். ஒருவர் ஃபுல் என்கிறார், ஒருவர் காலி என்கிறார், நடுவில் வண்டி வேறெங்கும் நிற்கவில்லையாம். இரண்டு பேரும் சொன்னதை நினைத்துப் பார்த்தால் இரண்டு பேரையும் நம்பத் தோன்றியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மெக்கானிக்கை மருந்துக் கிடங்குக்கு வரச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு எல்லோரும் அங்கே போனார்கள். அங்கே குளிர் அறைகள் இரண்டு. புது மெஷின் மாட்டியது முன் அறையில். பின் அறையில் பழைய மெஷின்தான் இன்னும் ஓடுகிறது. கிடங்குப் பொறுப்பாளரான பெண்மணி பின் அறைக் கதவைத் திறந்துகொண்டு, தடித்த ஸ்வெட்டரோடு தும்மிக்கொண்டே வந்தார். அண்ணி வேலையெல்லாம் திருப்தியா என்று விசாரித்தார்.

"ரொம்பத் திருப்தி. முன்னெல்லாம் உள்ளே நின்னா எனக்கு வேர்க்கும். உங்க ஆளுங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியல."

"பார்த்தீங்களா, புது மெஷினோட அருமை" என்று கொழுந்தனார் கம்பெனிக்காரரைத் தட்டிக்கொடுத்தார்.

அண்ணி பின் அறைக் கதவில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினார். "அன்னைக்குப் போன்ல மெக்கானிக்கிட்ட என்ன சொன்னீங்க? ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம சொல்லுங்க."

அவர் யோசித்தார். "'சரி, அந்தப் பழைய கேஸை ஏத்திடு. சாயங்காலம் மாப்பிள்ளை வண்டி எடுத்துட்டு வருவாரு'ன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அதற்குள் மெக்கானிக்கும் வந்துவிட்டார். பின் அறை வாசலிலேயே எல்லோரையும் நிற்க வைத்து அண்ணி பேச ஆரம்பித்தார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்கன்னு நீங்க முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட வந்தீங்க. ரெண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருந்தா என்ன ஆகும்னு நான் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு உறுத்தினது ஒரே வார்த்தைதான். 'சொட்டு மிச்சம் இல்ல.' சிலிண்டரைத் தூக்கி வண்டியில வச்சவரு எதுக்கு மிச்சத்தைப் பத்திப் பேசணும்? ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தினாத்தானே மிச்சம்னு ஒண்ணு வரும்?"

கம்பெனிக்காரர் இன்னும் விழித்துக்கொண்டிருந்தார்.

"வண்டியில பாரம் ஏத்தறதும் ஏத்தறதுதான். மெஷினுக்குள்ள கேஸ் அடைக்கறதையும் உங்க தொழில்ல ஏத்தறதுன்னுதான் சொல்றீங்க. நீங்க வண்டியை நினைச்சுச் சொன்னீங்க. இவரு மெஷினை நினைச்சுக் கேட்டுக்கிட்டாரு. புது மெஷின் முன் அறையில இருக்கு. குளிர்ல தும்மிக்கிட்டு இந்தம்மா வந்தது பின் அறையிலேர்ந்து. உங்க பழைய கேஸ் எங்கயும் போகல. இந்தக் கதவுக்குப் பின்னால ஓடிக்கிட்டிருக்கு."

மெக்கானிக்குக் குழப்பம் இப்போதுதான் ஆரம்பித்தது. பின் அறை மெஷினில் கேஸ் ஒழுகிக் குறைந்து போயிருந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, ஒழுகலை அடைத்துவிட்டு, முதலாளி சொன்னபடி பிடித்த கேஸை அதில் ஏற்றினேன், காலிச் சிலிண்டரை டூல்ஸோடு வண்டியில் போட்டேன், போன வருஷம் வரைக்கும் இப்படித்தானே செய்தோம், இதில் என்ன தப்பு என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பழைய கேஸைத் திரும்ப எந்த மெஷினிலும் ஏற்றக் கூடாது என்று புது விதி வந்திருப்பதே அவருக்குத் தெரியாது. அதற்கான வகுப்புக்குப் போனது கம்பெனிக்காரர் மட்டும்தான். திரும்பி வந்து யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. திருட்டு என்று சந்தேகப்பட்டதையும் வீட்டு விஷயம் என்று மெக்கானிக்கிடம் மறைத்துவிட்டார். ஏத்தினியா என்று கேட்டார், ஏத்தினேன் என்று பதில் வந்தது, போனை வைத்துவிட்டார்.

கொழுந்தனார் தலையைச் சொறிந்தார். "அப்ப திருடனே இல்லையா அண்ணி?" அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

மெஷினிலிருந்து கேஸை மறுபடி சிலிண்டருக்குள் பிடித்து, நடந்ததை மறைக்காமல் ஆபீசரிடம் சொல்லி ஒப்படைக்கும்படி அண்ணி சொன்னார். கேஸ் காற்றில் போகவில்லை என்பதை எடை போட்டே காட்டிவிடலாம். கம்பெனிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை, ஒரு வார்த்தை எப்படிப் பண்ணிடுச்சு. ரெண்டு அர்த்தம் இருக்கப் போய்த்தானே இவ்வளவும்."

மாப்பிள்ளை அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "ஏத்தறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, சரி மாமா. காலின்னு நான் சொன்னதுக்கு ஒரு அர்த்தம்தானே?"

கம்பெனிக்காரர் அண்ணியைப் பார்த்தார். மாப்பிள்ளை உள்ளே போய்க் குழாயை மாட்டினார், கேஸை இழுக்கும் மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

கம்பெனிக்காரர் ஓரமாகப் போய் மகளுக்குப் போன் போட்டார். அவள் எடுத்தாள்.

"அம்மாடி, மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் அவரை நம்பாமப் போயிட்டேன். தப்பு என்னோடதுதான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இதை என்கிட்ட எதுக்குப்பா சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, பின் அறைக்குள் போய், மாப்பிள்ளையின் எதிரில் நின்று, மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி அதையே மறுபடி சொன்னார்.