முள் அசைந்தால்

சொல்வதற்கு முன்பே அந்தச் சொல் கேட்டது.

மிக மெலிதாக, சுவருக்கு அப்பால் யாரோ பேசுவது போல. அவன் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கேசட்டைச் சற்றுப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினான். ஏழு வருடத்துக்கு முந்தைய அவனுடைய குரல், "அன்னைக்கே மாத்திரைய..." என்றது. பிறகு மௌனம். மௌனத்தின் நடுவில், மூச்சளவுக்கு, "நிறுத்திட்டேன்". அதற்கும் பின்னால்தான் ஆலயம் அதிர அந்தச் சொல் வந்தது: "நிறுத்திட்டேன்!"

அவன் பயப்படவில்லை. இது எப்படி நடக்கிறதென்று அவனுக்குத் தெரியும். கேசட்டுக்குள் நாடா சுற்றுச்சுற்றாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கிறது. ஒலி அதில் காந்தமாகப் பதிந்திருக்கிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டால், உரத்த சொல் இருக்கும் சுற்று, தன்னை ஒட்டிக் கிடக்கும் முந்தைய சுற்றிலும் லேசாகப் பதிந்துவிடும். நோட்டைச் சீக்கிரம் மூடினால் ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. அதனால்தான் சொல்லுக்கு ஒன்றிரண்டு வினாடி முன்பே அதன் நிழல் கேட்கிறது.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், ஆலயத்தின் மூன்றாவது பெஞ்சில் தையல்காரக்கா உட்கார்ந்து பீடத்துத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கேசட்டைக் கொண்டுவந்தது அவள்தான். சனிக்கிழமை மாலை வெயில் அவள் மடியிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. கேசட்டைக் கொடுக்கும்போது கேட்டிருந்தாள்:

"இத என் போன்ல கேக்கற மாதிரி பண்ணித் தர முடியுமா தம்பி? பையன் தலகாணிக்கு அடியில இருந்துச்சு. அப்படியே வச்சிருந்தேன்."

"அரைமணி நேரம்க்கா."

"பாத்து. உங்க மெஷின் என் தையல் மெஷினவிடக் கிழவியால்ல இருக்கு!" சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின் சொன்னாள்: "நாள் பூரா இதத்தான் போட்டுக் கேப்பான். மைக் அண்ணாவே நிறுத்திட்டாரும்மா, மைக் அண்ணாவே நிறுத்திட்டாரும்மான்னு."

ஆலயத்தின் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் அவன் சபையில் எல்லாருக்கும் 'மைக்'தான். அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைத் தின்றது. சபை முன் அவன் சொன்ன அந்தச் சாட்சியைக் கேட்டுத் தன் மாத்திரையை நிறுத்திய பையன், நாற்பதாவது நாள் விடியற்காலையில், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கதவைத் திறந்துகொண்டு போனான். மூன்றாம் நாள் கால்வாயில் கிடைத்தான். வயது பத்தொன்பது.

மைக்கோ ஒருநாளும் மாத்திரையை நிறுத்தியதில்லை. சாட்சி சொன்ன காலையில்கூடப் பல் தேய்த்ததும் விழுங்கிவிட்டுத்தான் பீடத்தில் ஏறினான். 'அன்னைக்கே மாத்திரைய எடுக்க ஆரம்பிச்சேன், கர்த்தர் அது வழியாத்தான் என்னத் தூக்கி நிறுத்தினார்' என்று சொல்லத்தான் எழுதி வைத்திருந்தான். பாதி வாக்கியத்தில் தலையைத் தூக்கினான். அத்தனை முகங்கள். கண்மூடித் தலையாட்டும் போதகர். மூன்று வினாடி. வாய் வேறு சொல்லைச் சொல்லிவிட்டது. 'அல்லேலூயா' என்று சபை எழுந்ததில், ஒலி அளக்கும் முள் சிவப்புக்குப் போய் முட்டியது.

அந்த முள்ளை அவன் நம்பினான். இருபத்திரண்டு வயதில், ஓடும் மின்விசிறிக்குள்ளிருந்து குரல்கள் அவனைப் பெயர் சொல்லித் திட்டத் தொடங்கியபோது டாக்டர் சொன்னார்: "சண்ட போடாதீங்க. அது வெளியிலயா உள்ளயான்னு பாக்க ஒரு வழி வச்சுக்குங்க." அவன் இந்த வழியை வைத்துக்கொண்டான். காற்றின் அதிர்வை மைக் மின்சாரமாக்குகிறது, மின்சாரம் முள்ளைத் தள்ளுகிறது. முள்ளுக்கு வியாதி கிடையாது, பாவமும் கிடையாது. அசைந்தால் வெளியே. அசையாவிட்டால் உள்ளே.

மறுபடி ஓட்டினான்.

"அன்னைக்கே மாத்திரைய..."

மௌனம். நாடாவின் இரைச்சல், தூரத்து மழைபோல.

"மைக் அண்ணா?"

முள் அசைந்தது.

கை தானாக நிறுத்தும் பொத்தானை அழுத்தியது. வீட்டில் டேப்ரிக்கார்டரின் பதிவுப் பொத்தானைப் பையன் தெரியாமல் அழுத்தியிருப்பான், அவ்வளவுதான். கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தான். மேல் விளிம்பின் இரண்டு சிறு தாழ்களும் உடைக்கப்பட்டிருந்தன. அவை இல்லாவிட்டால் எந்த இயந்திரமும் அதில் பதியாது. உடைத்தவன் அவனே. சபைக்குப் போகும் ஒவ்வொரு கேசட்டிலும் அவன் உடைப்பான்.

சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். இன்றைய குழி காலி. காலையில் விழுங்கியாயிற்று.

மறுபடி.

"அன்னைக்கே மாத்திரைய..."

எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. சொல் வரவில்லை. ஐந்து. எட்டு. மௌனம் நீண்டுகொண்டே போனது. ஈர மண் வாசனை, கால்வாய் வாசனை.

"நிஜமாவா, அண்ணா?"

முள் அசைந்தது.

நிறுத்தினான். சக்கரங்கள் நின்றன. முள் நிற்கவில்லை. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். சிறு விளக்கு அணைந்தது. முள் படுத்தது.

கதவு திறந்தது. தையல்காரக்கா. விரலில் இன்னும் ஊசி.

"முடிஞ்சுதா தம்பி?"

"கொஞ்சம் இருக்குக்கா."

"ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு." அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நீங்க நிஜமாவே நிறுத்திட்டீங்கதானே? அது நிஜம்னா போதும். ஆண்டவர் ஏதோ நெனச்சுத்தான் பண்ணிருக்கார்னு தூங்கிருவேன்."

இல்லக்கா. அந்தச் சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. பையில் அட்டையின் விளிம்பு விரலை அறுத்தது. வெளியே எடுத்தால் போதும். காட்டினால் போதும். கர்த்தாவே. வாயைத் திறந்தான்.

ஒரு வினாடி. இரண்டு.

முதுகுக்குப் பின்னால், ஒயர் பிடுங்கிய இயந்திரத்திலிருந்து, மெலிதாக, அவனுடைய குரல்:

"நிறுத்திட்டேன்க்கா."

வரப்போகும் சொல்லின் நிழல். பல்லைக் கடித்தான். முடியவில்லை.

"நிறுத்திட்டேன்க்கா," என்றது அவன் வாய், உரக்க.

அவள் முகம் இளகியது. கண்ணைத் துடைத்தாள். திரும்பப் போனவள் நின்றாள். தலை சாய்ந்தது.

"யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?"

அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

அவள் அவனைத் தாண்டி வந்தாள். இயந்திரத்தின் முன் மண்டியிட்டு, காதை அதன்மேல் வைத்தாள்.

"சொல்லுடா கண்ணு. அம்மாதான்."

முள் எழுந்தது. விழுந்தது. எழுந்தது. நிதானமாக, ஒருவர் நீளமாக எதையோ விளக்குவது போல. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவள் மட்டும் "ம்" கொட்டினாள். "ம்."

பிறகு ம் கொட்டுவதை நிறுத்தினாள். தலையை எடுக்காமலே, அவள் கண்கள் மட்டும் மெல்லத் திரும்பி, அவனுடைய சட்டைப்பையில் வந்து நின்றன.

முள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.